கேமராவுக்கும் ஆழ வரம்பு உண்டு

நீருக்கடியில் படமெடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், முக்குளிக்கச் செல்பவர்கள் கேமராவுக்கான விலையுயர்ந்த நீர்புகா உறைக்குப் பதிலாக, ஒருமுறை மட்டும் பயன்படும் ஃபிலிம் கேமராவை எடுத்துச் செல்லலாம் என்று கட்டுரையாளர் கூறுவதை முழுமனதுடன் வரவேற்கிறேன். ஆனால் ஆழ வரம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை. ஃபுஜிஃபிலிமின் குவிக்ஸ்நாப் நீர்புகா கேமரா 10 மீட்டர் வரையிலும், கோடாக் ஸ்போர்ட் 15 மீட்டர் வரையிலும்தான் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். முக்குளிப்பில் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை இறங்கலாம் என்பதால், அவருக்கு அனுமதியுள்ள ஆழத்திலேயே கேமரா பழுதாகக்கூடும். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப் போல் இரு மடங்காகிறது. மெல்லிய பிளாஸ்டிக் உறை அதற்கு மேல் அமுங்கினால் நீர் கசிய அதிக நேரம் ஆகாது.

இவற்றில் ஃபிளாஷும் கிடையாது. சிவப்பு நிறத்தை முதல் சில மீட்டர்களிலேயே நீர் உறிஞ்சிவிடுவதால், செந்நிறப் பவளம்கூடச் சாம்பல் கலந்த நீலமாகவே பதிகிறது. ஆகவே, நண்பகலையொட்டி வெயில் நேராக விழும் வேளையில், 5 மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், சூரியனை முதுகுப்புறம் வைத்து எடுப்பதே நல்லது. குவியத்தை மாற்ற முடியாத லென்ஸ் என்பதால், மீன் கையெட்டும் தொலைவுக்குச் சற்று அப்பால் இருக்கும்போதே விசையை அழுத்த வேண்டும். மிக நெருங்கினால் படம் மங்கிவிடும்.

உள்ளே இருப்பது ஒளியை எளிதில் உணரும் 800 ஐஎஸ்ஓ ஃபிலிம்; ஊடுகதிர் பட்டால் அது பாழாகக்கூடும் ஆதலால், விமான நிலையத்தில் ஊடுகதிர்ச் சோதனைக்கு அனுப்பாமல், கையால் சோதிக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.