மத்திக் குஞ்சை விற்கிற இடத்தில் அளக்காமல் கடலில் மட்டும் அளந்து பயனில்லை

சந்தையில் மத்தி வாங்கும்போது கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முப்பது, முப்பத்தைந்து நின்றால் வளர்ந்த மீன். நூறு நின்றால் குஞ்சு. 10 செ.மீ. மத்தி சுமார் 10 கிராம் இருக்கும். அதே மீன் 15 செ.மீ. ஆகும்போது 30 கிராமைத் தாண்டிவிடும். இன்று நூறு குஞ்சை அள்ளினால் ஒரு கிலோ. விட்டுவைத்து, அதில் பாதியைச் சீலாவும் சூரையும் தின்றால்கூட, மிச்சம் ஐம்பது வளர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தேறும், அதுவும் ஆளுக்குப் பல்லாயிரம் முட்டை போட்ட பிறகு. தின்ற சீலாவும் சூரையும் நம் வலைக்குத்தான் வரப்போகின்றன. நெய்மீன், பாறை, கடற்பறவை, ஓங்கில் (டால்பின்) என்று மேலே உள்ள அத்தனைக்கும் இந்தச் சின்ன மீன்தான் சோறு.

கேரளக் கரையில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன் மத்தி கரையேறியது. 2021-இல் கிடைத்தது 3,297 டன். கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. கடல் சூடானது, பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ, மழை மாறியது, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருவது குறைந்தது என்று பல காரணங்கள் உண்டு. மத்தி இரண்டு, இரண்டரை வருஷம் வாழ்கிற மீன். இரண்டு பருவம் முட்டை பொய்த்தாலே கூட்டம் கலைந்துவிடும். கடலின் ஏற்ற இறக்கத்தை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் இறங்குமுகத்தில் இருக்கும்போது குஞ்சையும் சேர்த்து வாரினால் மறுபடி எழும்ப விதை மிஞ்சாது. நம் கையில் இருப்பது அந்த ஒன்றுதான்.

இதற்காகவே கேரளம் 2015-இல் பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தைச் சட்டமாக்கியது. மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு (கானாங்கெளுத்தி) 14 செ.மீ. முதலில் 14 இனங்கள், 2017-இல் 58 ஆனது. நல்ல சட்டம்தான். ஆனால் மத்தி முதன்முதலாகச் சினை பிடிப்பது 14, 15 செ.மீ. வாக்கில். ஆக, 10 என்பது ஆகக் கீழான எல்லை. அதையும் விட்டுக்கொடுத்தால் பேச ஒன்றுமில்லை.

தடைக்காலம் இருக்கிறதே என்பார்கள். விசைப்படகுகளுக்குக் குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை. தென்மேற்குப் பருவமழையில்தான் மத்தி முட்டையிடுகிறது, அதனால் அந்தத் தடை தாயை ஓரளவு காப்பாற்றுகிறது. குஞ்சுக் கூட்டம் கரையோரம் திரள்வது தடை முடிந்த பிறகு. அப்போது அதைக் காக்க ஆளில்லை.

வலைக் கண்ணைப் பெரிதாக்கு என்பது அடுத்த யோசனை. சாளை வலையில் (சாளை என்பது மத்திக்கு இன்னொரு பெயர்) அது நன்றாகவே வேலை செய்யும். சின்னது கண்ணுக்குள் நுழைந்து போய்விடும், தலை மாட்டுகிற அளவு உள்ளது மட்டும் நிற்கும். சுருக்குமடியின் கதை வேறு. அது கூட்டத்தை வளைத்து, அடியைச் சுருக்கி மூடுகிறது. கேரளத்துப் பக்கம் மத்திக்குச் சுமார் 20 மி.மீ. கண், நெத்திலிக்கு 10 மி.மீ. வாக்கில். நெத்திலி வலையோடு போன வள்ளத்தின் முன்னால் மத்திக் குஞ்சு கூட்டமாக வந்தால் ஒன்றுகூடத் தப்பாது. கயிறு இழுத்து முடித்த பிறகு "குஞ்சு, திருப்பி விட்டுடலாம்" என்றாலும் பிரயோஜனம் குறைவு. நெருக்கத்தில் செதில் உதிர்ந்த மத்தி கடலில் விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. கூட்டத்தை வளைத்ததும், அடிக்கயிற்றை இழுக்கும் முன், கைவலையால் ஒரு கோரு கோரிப் பார்க்க வேண்டும். முடிவெடுக்க அந்தச் சில நிமிஷம்தான்.

தமிழ்நாட்டில் சுருக்குமடியைத் தடுப்பதா, விடுவதா என்ற சண்டை வருஷக்கணக்காக நடக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. எந்த வலை, எந்த நாள், எத்தனை மைல் என்றே ஊர் ஊராகப் பேசினோம். என்ன அளவு மீன் என்பது அந்தப் பேச்சில் காதிலேயே விழவில்லை.

குஞ்சைப் பிடிக்கிறவர் எதற்குப் பிடிக்கிறார்? வாங்க ஆள் இருப்பதால். கறிக்கு ஆகாத குஞ்சு மீன் மாவு ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் இந்த வகைக் கழிவு மீனுக்குச் சங்காயம் என்று பெயர். வேகவைத்து, பிழிந்து எண்ணெயைப் பிரித்து, உலர்த்தி அரைத்தால் நான்கரை, ஐந்து கிலோ மீனுக்கு ஒரு கிலோ மாவு. ஆலைக்கு எடைதான் கணக்கு, நீளம் கணக்கில்லை. 1943-லேயே சென்னை மாகாண அரசு மலபார் கரையில் மத்திக் குஞ்சு பிடிக்கக் கட்டுப்பாடு போட்டது. சில வருஷத்தில் விலக்கிக்கொண்டது. அன்றும் மத்தி எண்ணெய்க்கும் உரத்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

பெரு நாட்டைப் பாருங்கள். அங்கே நெத்திலி இனமான ஆன்சோவெட்டா 1970-இல் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன் பிடிபட்டது. 1972 எல் நினோவும் அளவில்லாத பிடியும் சேர்ந்து, 1973-இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஒவ்வொரு பருவத்துக்கு முன்னும் ஆய்வுக் கப்பல்கள் ஒலி அலையால் கூட்டத்தை அளக்கின்றன. அதை வைத்து மொத்த அளவு, 2009 முதல் படகுக்கு இவ்வளவு என்று பங்கு. 12 செ.மீ.க்குக் குறைந்த மீன் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால் அந்தக் கடற்பகுதியைச் சில நாள் மூடுகிறார்கள். 2023-இல் குஞ்சு அதிகம் என்று வடக்கு, மத்தியப் பகுதியின் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். உலகத்திலேயே பெரிய மீன் மாவுத் தொழிலை வைத்துக்கொண்டு அவர்களால் இது முடிகிறது.

நமக்கு ஆய்வுக் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆலை வாசலிலும் ஏலக் கூடத்திலும் ஓர் அளவுப் பலகை போதும். லாரியின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் ஒவ்வொரு கூடை. கலந்து, பொறுக்காமல் நூறு மீன் எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். 10 செ.மீ.க்குக் கீழே பத்துக்கு மேல் இருந்தால் அந்த லோடை ஆலை வாங்கக் கூடாது. அரை மணி நேர வேலை. கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் லாரி எல்லை தாண்டிப் போய்விடும். ஆலைக்குத் தீனி வேண்டுமென்றால் மீன் வெட்டும் கூடங்களில் தலையும் குடலும் முள்ளும் தினமும் குவிகின்றன. அபராதத்தை முதலில் வள்ளக்காரர் தலையில் கட்டாதீர்கள். டீசல் கடனோடு கரைக்கு வருகிறவர் அவர். வாங்குகிறவரின் உரிமத்தில் கை வையுங்கள்.