ஃப்ரிட்ஜைத் திறக்க அனுமதி

(கலிஃபோர்னியா, ஃப்ரீமான்ட். ஞாயிறு இரவு, சமையலறை. அம்மா தோசை வார்க்கிறாள். மகன் கம்யூனிட்டி காலேஜில், அதாவது கட்டணம் குறைந்த இரண்டு வருஷ அரசுக் கல்லூரியில், முதல் வருஷம். காலேஜ் நடப்பது அவன் படுக்கையறையில்.)

மகன்: மன்னிக்கணும், நான் ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா?

அம்மா: எதை உடைத்தாய்?

மகன்: எதையும் உடைக்கவில்லை. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் கொஞ்சம் தயிர் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா: 'உங்களுக்கா'? காரை எங்கே கொண்டுபோய் இடித்தாய், முதலில் அதைச் சொல். நம் கார் மட்டும்தானா, அடுத்தவன் காருமா?

மகன்: கார் பத்திரமாக இருக்கிறது. தோசை ரொம்ப நன்றாக இருக்கிறது. எனக்காக நீங்கள் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்.

அம்மா: (அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள்) ஜுரம் இல்லை. டேய், யாராவது பெண்ணா? எந்த ஊர், என்ன படிக்கிறாள், எதுவானாலும் என்னிடம் சொல்லிவிடு. அப்பாவிடம் நான் பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன்.

மகன்: இந்த நாற்காலியில் உட்காரலாமா?

அம்மா: அதற்கு அடியில் நீ ஒட்டிய பபிள்கம் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. உட்கார். ஃபெயிலா?

மகன்: ஐயோ, ஃபெயில் எல்லாம் இல்லை அம்மா! இது ஹோம்வொர்க். இன்னும் 15 நிமிஷம்கூட ஆகவில்லை, கெடுத்துவிட்டாய்.

அம்மா: அப்பாடா, 'நீ'க்கு வந்துவிட்டான். என்ன ஹோம்வொர்க்? பெற்றவளுக்கு மாரடைப்பு வரவைப்பதா?

மகன்: சோஷியாலஜி. சொந்த வீட்டிலேயே, வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். கேட்டுக் கேட்டுத்தான் எதையும் எடுக்கவேண்டும், மரியாதையாகப் பேசவேண்டும். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதவேண்டும். ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்று ஒரு புரொஃபசர் தன் மாணவர்களை இப்படி வீட்டுக்கு அனுப்பினார், 1967-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. அந்த வீடுகளிலும் இதே கதைதான். உடம்பு சரியில்லையா, வேலை போய்விட்டதா, புத்தி கெட்டுவிட்டதா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள்.

அம்மா: இப்படி ஊரான் வீட்டில் கலகம் மூட்டுவதற்கு யார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது?

மகன்: யூசிஎல்ஏ, லாஸ் ஏஞ்சலஸ் யுனிவர்சிட்டி.

அம்மா: (குரல் மாறி) யூசிஎல்ஏவா? அப்படியென்றால் ஏதாவது விஷயம் இருக்கும். இன்னொரு தோசை போடட்டுமா?

மகன்: போடு. நெய் விட்டு.

அம்மா: சரி, இதையெல்லாம் வகுப்பில் ஒருவருக்கொருவர் செய்து பார்த்துக்கொள்ளக் கூடாதா? என் அடுப்படிதான் கிடைத்ததா?

மகன்: வகுப்பே கிடையாதே அம்மா. வாத்தியார் வீடியோவையும் பாடத்தையும் கேன்வாஸ் என்கிற காலேஜ் வெப்சைட்டில் போட்டுவிடுவார், நமக்கு எப்போது முடிகிறதோ அப்போது பார்க்கலாம். புதன்கிழமைக்குள் 250 வார்த்தை எழுதிப் போடவேண்டும். ஞாயிறு ராத்திரி 11:59-க்குள் கூடப் படிக்கிற இரண்டு பேருக்குப் பதில் எழுதவேண்டும்.

அம்மா: வாத்தியாரை நேரில் பார்த்திருக்கிறாயா?

மகன்: வீடியோவில்.

அம்மா: கூடப் படிக்கிறவர்களை?

மகன்: பெயரைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா: அப்போ கரஸ்பாண்டன்ஸ்.

மகன்: கரஸ்பாண்டன்ஸ் இல்லை, ஆன்லைன்.

அம்மா: நான் மதுரை காமராசரில் எம்.ஏ. முடித்ததும் இப்படித்தான். பழுப்புக் கவரில் பாடம் வரும், போஸ்ட்மேனைத் தவிர ஒரு மனுஷ முகம் தெரியாது. இதை ஆன்லைன் என்று சொன்னால் பெருமை, கரஸ்பாண்டன்ஸ் என்று சொன்னால் இளப்பமா? போன வாரம் அந்தப் பிறந்தநாள் பார்ட்டியில் ஒரு அங்கிள் உன்னைப் பற்றி விசாரித்தாரே, "கம்யூனிட்டி காலேஜா... பரவாயில்லைங்க, எல்லாம் சரியாகிவிடும்" என்று, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்கிற மாதிரி.

மகன்: அவர் பையன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியில் இதே சோஷியாலஜியை முந்நூறு பேர் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து படிக்கிறான். இங்கே ஒரு யூனிட்டுக்கு, அதாவது ஒரு கிரெடிட்டுக்கு, 46 டாலர் கட்டணம், இந்தப் பாடத்தின் மூன்று யூனிட்டுக்கு 138. பாடப் புத்தகமும் ஓப்பன்ஸ்டாக்ஸ், இலவசம். இரண்டு வருஷம் கழித்து நானும் அங்கே மாறிப் போய்விட்டால் டிகிரியில் அவனுக்குப் போடுகிற பெயரைத்தான் எனக்கும் போடுவார்கள்.

அம்மா: இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். நீ கேக் தின்றுகொண்டிருந்தாய். சரி, அந்த இரண்டு பதில் என்றாயே, காட்டு பார்க்கலாம்.

(மாவுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லேப்டாப்பை எட்டிப் பார்க்கிறாள்.)

அம்மா: "உங்கள் பதிவு மிக அருமை. நீங்கள் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். உங்கள் அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி." ஆகா. அந்தப் பெண் என்ன எழுதியிருந்தாள்?

மகன்: அவள் தாத்தா செத்துப்போனது. இழவு வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் எப்படித் தெரிகிறது என்று... நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.

அம்மா: அதற்கு "மிக அருமை"யா?

மகன்: எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். பாதிப் பேர் சாட்ஜிபிடியில் எழுதுகிறார்கள், மீதிப் பேர் அதற்குச் சாட்ஜிபிடியில் பதில் போடுகிறார்கள்.

அம்மா: நம் குடும்ப வாட்ஸ்அப்பில் உன் சித்தப்பா கல்யாணம் கருமாதி எல்லாவற்றுக்கும் ஒரே "அருமை" போடுகிறார். பாவம், அவருக்கு யாரும் யூனிட் கொடுக்கவில்லை. எங்கள் கரஸ்பாண்டன்ஸில் இந்தக் கொடுமை கிடையாது.

மகன்: இது கரஸ்பாண்டன்ஸ் இல்லை.

அம்மா: அதை அழித்துவிட்டு, தாத்தாவுக்கு என்ன வயது, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுது. அப்புறம் என்னைப் பற்றி என்ன எழுதப் போகிறாய்?

மகன்: (தட்டிக்கொண்டே) 'வழக்கத்தை மீறியதும் வீட்டில் எல்லாரும் பதறிப்போனார்கள்.'

அம்மா: எல்லாரும் என்றால் யார் யார்?

மகன்: நீதான். அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. அவரிடமும் போய், "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும், டிவியைக் கொஞ்சம் குறைக்கலாமா" என்றேன். ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு ஐபேடை எடுத்துக்கொண்டார்.

அம்மா: அவர் எப்படிப் பதறுவார்? கல்யாணமான நாளிலிருந்து அவரும் இந்த ஹோம்வொர்க்கைத்தானே செய்துகொண்டிருக்கிறார்.

மகன்: அம்மா...

அம்மா: நீயே சொல். சர்க்கரை டப்பா எங்கே என்று நேற்றும் கேட்டார், இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அது அதே தட்டில்தான் இருக்கிறது. சாப்பிட்டால் "நன்றாக இருந்தது" என்பார். தட்டை சிங்க் வரைக்கும் கொண்டுவருவார், ஆனால் உள்ளே போடமாட்டார். ஓரமாக மேடைமேல் வைப்பார், அங்கிருந்து சிங்குக்குத் தனியாக விசா வேண்டும்போல. சண்டை கிண்டை எதுவும் கிடையாது. தங்கமான வாடகைக்காரர்.

(ஹாலிலிருந்து குரல்: "சட்னி இருக்கா?")

அம்மா: பார், எவ்வளவு பணிவாகக் கேட்கிறார். யூசிஎல்ஏ புரொஃபசர் இருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

மகன்: அப்பா ஹெல்ப் பண்ணுகிறாரே. குப்பை எடுத்து வைக்கிறார்.

அம்மா: ஹெல்ப்! பக்கத்து வீட்டுக்காரர் எடுத்து வைத்தால் அது ஹெல்ப்.

மகன்: இது நான்கு வாரம் கழித்து வருகிற பாடம். பெர்க்லியில் ஆர்லி ஹாக்ஷில்ட் என்று ஒரு சோஷியாலஜி புரொஃபசர் அம்மா, இந்த பே ஏரியா வீடுகளிலேயே போய் உட்கார்ந்து பார்த்து, 1989-இல் புத்தகம் போட்டார். ஆபீசிலிருந்து வந்ததும் பெண்களுக்கு வீட்டில் இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கிறது என்று. கணக்குப் போட்டால் ஆண்களைவிட வருஷத்துக்கு ஒரு மாதம் அதிக வேலை, அதுவும் நாளுக்கு 24 மணி நேரம் என்று வைத்து.

அம்மா: பெர்க்லியில் 1989-இலேயே கண்டுபிடித்துவிட்டார்களா? பார்ட் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், இந்த விஷயம் மட்டும் ஃப்ரீமான்டில் இன்னும் இறங்கவில்லை. நாளைக்குக் காலையில் எட்டரைக்கு எனக்கு மீட்டிங், இன்னும் மாவை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

மகன்: அப்பாவைப் பற்றி எழுதட்டுமா? நல்ல பாயின்ட்.

அம்மா: அப்பாவை மட்டுமா? நேற்றுச் சாப்பிட்ட உன் தட்டு எங்கே?

மகன்: ...ரூமில்.

அம்மா: அதற்கு முந்தின நாளைய தட்டு?

மகன்: அதற்கு அடியில்.

அம்மா: அப்போ இன்றைக்குத்தான் ஒழுங்காக இருந்திருக்கிறாய். கேட்டு எடுத்தாய், நன்றி சொன்னாய், தோசை நன்றாக இருக்கிறது என்றாய். பெற்ற பிள்ளை அந்த ஒரு வார்த்தை சொன்னதும் நான் காரை இடித்துவிட்டான் என்று நினைத்தேன் பார், அதை எழுது உன் 250 வார்த்தையில். எழுதிவிட்டு, இந்த ஊரில் ஒரு ரூமுக்கு மாத வாடகை என்ன என்றும் பார்த்துச் சொல். வாடகைக்காரன் என்றால் வாடகை உண்டு.

மகன்: அது ஹோம்வொர்க்கில் இல்லை.

அம்மா: கரஸ்பாண்டன்ஸில் எல்லாமே பாதிதான் சொல்லித்தருவார்கள்.

மகன்: ஒன்று மறந்துவிட்டேன். கடைசியில், யாரிடம் சோதனை செய்தோமோ அவர்களிடம் போய், இது சோதனைதான், முடிந்துவிட்டது என்று சொல்லவேண்டுமாம். அம்மா, இது சோதனை. முடிந்துவிட்டது.

அம்மா: சந்தோஷம். அப்படியே ஹாலுக்குப் போய் உன் அப்பாவிடமும் சொல், அவருடையதும் முடிந்துவிட்டது என்று.

மகன்: அதற்கு மார்க் கிடையாது அம்மா.