அந்த ஸ்லாட்டை ஏன் வைக்கவில்லை?

நேற்று இரவு அக்காவிடமிருந்து போன். "டேய், மறுபடியும் டிஸ்க்ல இடமில்லைன்னு வருது. அப்டேட் பாதியிலேயே நிக்குது." இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. அவள் நடத்துவது ஜெராக்ஸ் கடை. தேர்வு விண்ணப்பம், பட்டா நகல், ஆதார் பிரிண்ட் என்று காலை ஒன்பது மணிக்கே ஆள் வந்து நிற்கும். அந்தக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால்தான் இந்தக் கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

கடையில் இடம் குறைவு. அதனால் மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிடுகிற மாதிரி சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்கினேன். 64 ஜிபி எஸ்எஸ்டி (பைல்களைச் சேமித்துவைக்கும் டிரைவ்) என்று போட்டிருந்தது. குறைவு என்று தெரியும். ஆனால் கீழேயே 'ஸ்டோரேஜை விரிவாக்கிக்கொள்ளலாம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. சரி, கையில் காசு வந்ததும் ஒரு 500 ஜிபி வாங்கிப் போட்டுவிடலாம் என்று நம்பினேன். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 64 ஜிபி. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே அது மூச்சுமுட்டத்தான் செய்தது.

போன மாதம் ரப்பர் கால்களைப் பிய்த்து, நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டி என்று ஒன்று உள்ளே இல்லவே இல்லை. போர்டோடு கழற்ற முடியாதபடி சால்டர் செய்த ஓர் ஈஎம்எம்சி சேமிப்புச் சிப், அவ்வளவுதான். விலை மலிவான டேப்லெட்டுகளில் வருமே, அதே வகை. என் வயிறு எரிந்தது அதற்காகக்கூட இல்லை. போர்டின் ஓரத்தில், எஸ்எஸ்டி கார்டைச் செருகும் எம்.2 ஸ்லாட்டுக்கான இடம் அச்சடித்து இருக்கிறது. கனெக்டரைப் பற்றவைக்க வேண்டிய புள்ளிகள் வரிசையாக மின்னுகின்றன. கார்டை இறுக்குகிற ஸ்க்ரூவுக்கு ஓட்டைகூட இருக்கிறது. கனெக்டர் மட்டும் இல்லை! வரைந்தவர் வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார். விற்றவர்கள் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த 'விரிவாக்கம்' என்ன? விற்றவரிடம் கேட்டால், பக்கவாட்டில் மெமரி கார்டு போடும் துளை இருக்கிறதாம். அதில் போட்டோ வைக்கலாம். சி டிரைவ் ஒரு எம்பி கூடப் பெருகாது. வார்த்தையை இப்படி வளைத்து விற்பது ஏமாற்று. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

சின்னப் பெட்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். ஓர் எம்.2 கார்டின் அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 80. அதுவும் இடிக்கிறது என்றால் 42-லும் 30-லும்கூட வருகிறது. 30 மில்லிமீட்டர் என்பது ஒரு கட்டைவிரலின் பாதி. லெனோவோவின் திங்க்சென்டர் டைனி, டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ எல்லாம் ஒரு லிட்டர் சொச்சம் கொள்ளளவுள்ள பெட்டிகள்தான். அவற்றில் எம்.2 ஸ்லாட்டையும் வைத்து, பல மாடல்களில் 2.5 அங்குல டிரைவுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். ஆக, மனமிருந்தால் இடமிருக்கிறது.

விலை அதிகமான பெட்டிகளிலும் இந்த வேலை நடந்ததுதான். ஆப்பிளின் மேக் மினியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 மாடல் வரை அதற்குள் சாதாரண 2.5 அங்குல டிரைவ். பொறுமை இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். 2018-இல் ஸ்டோரேஜை போர்டோடு சால்டர் செய்துவிட்டார்கள். 2024-இல் வந்த எம்4 மாடலில் மறுபடியும் கழற்றும்படி வைத்தார்கள், ஆனால் அது கடையில் கிடைக்கும் எம்.2 கார்டு இல்லை. அதில் இருப்பது வெறும் ஃபிளாஷ், அதாவது சேமிப்புச் சிப்புகள். அவற்றை இயக்கும் கண்ட்ரோலர் எம்4 சிப்புக்குள் இருக்கிறது. மாற்றி முடித்ததும் இன்னொரு மேக்கை இணைத்து ரீஸ்டோர் செய்தால்தான் உயிர் வரும். இந்தியாவில் அது வந்தபோது 256 ஜிபி மாடல் 59,900 ரூபாய், 512 ஜிபி மாடல் 79,900. கூடுதல் 256-க்கு இருபதாயிரம்! அதில் பாதிக்கும் குறைவான காசுக்கு அப்போது ஒரு டிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி) கிடைத்தது.

இடம் போதாமல் போவதோடு இது நின்றுவிடாது. ஃபிளாஷ் என்பது எழுத எழுதத் தேயும் பொருள். ஒரு கம்ப்யூட்டரில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று கணக்கு உள்ள பாகம் அது. தேயும் என்று தெரிந்தே அதைப் போர்டோடு ஒட்டிவைத்தால், அந்தச் சிப் போகிற அன்றைக்கு ப்ராசஸர், ரேம் என்று நல்லபடியாக இருக்கும் எல்லாமும் குப்பைக்குத்தான் போகும். அக்கா கடையின் கணக்கும், வாடிக்கையாளர்களின் பைல்களும் சேர்ந்து போகும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவாவது வழி இருக்கிறதா?

வாங்கப் போகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: உள்ளே எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது ஏற்பது பழைய, வேகம் குறைந்த சாட்டா வகையையா என்விஎம்இ-யையா, நீளம் எவ்வளவு? 'ஆமா சார், போடலாம்' என்ற பதிலை நம்பாதீர்கள். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ கார்டு அழகாக உட்காரவும் கூடும், ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. பெட்டியின் மேல் இந்த ஒரு வரியை அச்சடிக்க என்ன செலவாகும்? நிறத்தை எழுதுகிறார்கள், எடையை எழுதுகிறார்கள், இதை மட்டும் எழுத மாட்டார்கள்.

இன்று காலை சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், 2018-இல் வந்த திங்க்சென்டர் டைனி ஒன்றைப் பழைய சாமானாக வாங்கி வந்தேன். பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூ. மூடியைத் தள்ளி, கார்டை மாட்டி, மூட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நாளைக்குப் பஸ்ஸில் அனுப்ப வேண்டும். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத அந்தப் புதுப் பெட்டியை என்ன செய்வது என்று அக்கா கேட்கிறாள்.