பழைய ஒர்க்ஸ்டேஷனை மாற்றும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்

2016 வாக்கில் வாங்கிய இரட்டை ஜியான் (இன்டெல்லின் சர்வர் ரக சிபியு) ஒர்க்ஸ்டேஷனை மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த வேலையில் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்? "மொத்தமா ஸ்லோ" என்பதெல்லாம் பதில் இல்லை.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய், சிபியு வரைபடத்தில் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசஸர்ஸ் காட்சிக்கு மாற்றுங்கள். உங்களை அதிகம் கடுப்பேற்றும் ஃபைலை அப்போது ஓட்டுங்கள். மொத்தச் சதவீதத்தை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். 14 கோர் ஜியான் இரண்டு என்றால், கோருக்கு இரண்டாக 56 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). அதில் ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் 2 சதவீதம்கூட வராது. "சிபியு சும்மாதான் இருக்கு, கிராபிக்ஸ் கார்டுதான் பத்தல" என்று புதுக் கார்டு வாங்குவார்கள். வேகம் இருந்த இடத்திலேயே இருக்கும். (விண்டோஸ் அந்த த்ரெட்டைக் கோர் விட்டுக் கோர் மாற்றும். அதனால் ஒரே கட்டம் உச்சியில் நிற்காமல் இரண்டு மூன்று கட்டங்களில் தாவுவதும் உண்டு.) ஆட்டோகேட், ரெவிட் போன்ற வரைபட மென்பொருள் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் ஒற்றை த்ரெட்டில் நடக்கிறது. அங்கே இன்றைய சாதாரண டெஸ்க்டாப் சிபியுவே பழைய இரட்டை ஜியானைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ராம் நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், மெஷினை மாற்றாதீர்கள், ராம் சேருங்கள். ஒவ்வொரு சிபியுவுக்கும் ராமோடு பேச நான்கு பாதை (சேனல்); ஒரே மாதிரி நான்கு ஸ்டிக்காகப் போடுங்கள். ரெஜிஸ்டர்ட் ராமுடன் (சர்வர் ரக ராம்) சாதாரண ராமைக் கலந்தால் பூட் ஆகாது.

வீடியோ எடிட்டர்கள் கதை வேறு. இப்போதைய கேமராக்கள் தரும் 4:2:2 10 பிட் எச்.265 ஃபுட்டேஜை (நிற விவரம் அதிகமுள்ள, இறுக்கிச் சுருக்கிய வீடியோ) பிரிக்க அதற்கென்றே தனி சர்க்யூட் வேண்டும். அந்த ஜியானில் இன்டெல்லின் அத்தகைய வீடியோ சர்க்யூட்டான குவிக் சிங்க்கே கிடையாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில்கூட 4:2:2 டிகோட் இல்லை, 50 வரிசையில்தான் வந்தது. 28 கோர் பெட்டி திணறும் டைம்லைனை ஒரு எம்1 லேப்டாப் அலட்டாமல் ஓட்டுவது இதனால்தான். அதற்காக எல்லாவற்றையும் எடிட்டிங்குக்கு எளிதான புரோரெஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு காலம் தள்ளலாம். தினமும் அதுவே வேலையானால் மாற்றுவதுதான் சரி.

தேதிகளும் கழுத்தைப் பிடிக்கின்றன. விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இந்தத் தலைமுறை ஜியான்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் இருக்கின்றன, ஆனால் கிளையன்ட் ஃபைல் இருக்கும் மெஷினில் அதை நான் செய்ய மாட்டேன். கிராபிக்ஸ் கார்டில் கணக்கு வேலை ஓட்டும் என்விடியாவின் கூடா மென்பொருளில், 13-ம் பதிப்பிலிருந்து மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா தலைமுறைக் கார்டுகளும் வெளியே. இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டஹோதான் கடைசி. ஆனால் புது மேக்குக்கு மாறும் முன் யோசியுங்கள்: இன்டெல் சிபியு கொண்ட 2019 மேக் ப்ரோவில் 1.5 டிபி வரை ராம் போடலாம். 2023-ல் வந்ததில் 192 ஜிபியோடு சரி, ஸ்லாட் இருந்தும் கிராபிக்ஸ் கார்டு ஓடாது.

புதிதாக வாங்கும்போது பலர் கோட்டைவிடுவது பிசிஐஇ லேன் (கார்டுகளும் டிஸ்க்குகளும் சிபியுவோடு பேசும் பாதைகள்) கணக்கை. பழைய ஈ5 ஜியான் ஒன்றுக்கே 40 லேன். ரைசன் 7000 வகை டெஸ்க்டாப் சிபியுவில் கையில் கிடைப்பது 24. கிராபிக்ஸ் கார்டு 16, என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) 4, இன்னொரு என்விஎம்இ 4, தீர்ந்தது. கேப்சர் கார்டும் 10 ஜிகாபிட் கார்டும் போர்டில் உள்ள சிப்செட் என்ற பொதுப் பாதை வழியாக வரிசையில் நிற்க வேண்டியதுதான். அது ஒத்துவராது என்றால் லேன் அதிகமுள்ள த்ரெட்ரிப்பர், ஜியான் டபிள்யூ சிபியுக்கள் பக்கம் போக வேண்டும். பழைய 256 ஜிபி டிடிஆர்4 ராமும் டிடிஆர்5 போர்டில் ஏறாது. அந்தச் செலவு மொத்தமாகப் புதிது.

லோடில் மட்டும் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? முதலில் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். பிராண்டட் ஒர்க்ஸ்டேஷன் பலவற்றில் அது சாதாரண ஏடிஎக்ஸ் வடிவம் இல்லை, அதே மாடல்தான் வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெட்டியில் இனி எந்த அப்கிரேடும் வேண்டாம்.

மாற்றுவது என்று முடிவானால், பழையதை அணைக்கும் முன் லைசென்ஸ்களை டீஆக்டிவேட் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயையும் எடுத்து வையுங்கள். அது இல்லாமல் பழைய டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டினால் திறக்காது.