நெருஞ்சில் கஷாயமும் வலி மாத்திரையும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை பார்க்கிற என் சித்தப்பாவுக்கு ஆடி மாதம் கால் வீங்கிவிட்டது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்து அப்படியே நின்றது, மெல்ல மெல்லத்தான் மேலே வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 3.8. ஒன்றையொட்டி இருக்கவேண்டியது.

பல வருடமாக அவருக்கு முட்டிவலி. விடியற்காலை ஏலத்துக்குக் கிளம்பும்போது டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று, மத்தியானம் ஒன்று. மெடிக்கலில் சீட்டே கேட்பதில்லை. அட்டையைக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது கிட்னியைக் கெடுக்கும் என்று நான் கத்தியபோது அவர் சொன்னது: "எனக்குத் தெரியாதாம்மா? அதுக்குத்தானே தினம் காலைல நெருஞ்சில் கஷாயம் குடிக்கிறேன். அது கிட்னிய பாத்துக்கும்." போனில் வீடியோவையும் காட்டினார். ஆராய்ச்சியில் நிரூபணமானதாம்.

நான் பி.பார்ம் படித்தவள். அந்த ஆராய்ச்சிகள் பொய் இல்லை. நெருஞ்சில், மூக்கிரட்டை, பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபீளை, மூன்றையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கிட்னியைக் கெடுக்கவென்றே கொடுக்கும் மருந்து, பெரும்பாலும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, இல்லையென்றால் புற்றுநோய்க்குப் போடும் சிஸ்பிளாட்டின். சில எலிகளுக்கு மருந்து மட்டும், சிலவற்றுக்கு மருந்தோடு மூலிகைச் சாறும். ஒன்றிரண்டு வாரத்தில், சாறு குடித்த எலிகளுக்கு யூரியாவும் கிரியேட்டினினும் குறைவாகவே ஏறியிருக்கும். நல்ல சேதிதான். ஆனால் அவை நோய்நொடி இல்லாத எலிகள், எடைக்குத் தக்க அளந்து கொடுத்த சாறு. வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கிய 58 வயது மனிதரைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

இன்னொன்று, எல்லா மருந்தும் சிறுநீரகத்தை ஒரே மாதிரி கெடுப்பதில்லை. ஜென்டாமைசின் சிறுநீரகக் குழல்களின் செல்லுக்குள் போய்ச் சேர்ந்து செல்லையே கெடுக்கும். டைக்ளோபினாக் செய்வது வேறு. சிறுநீரகத்துக்கு ரத்தம் வரும் நாளத்தை விரித்து வைக்க உதவும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பில் சுரக்கும் பொருள்தான் வலியையும் கூட்டுகிறது. அதை அடக்குவதால் வலி குறைகிறது, கூடவே நாளமும் சுருங்குகிறது. வியர்த்துக் கொட்ட, தண்ணீர்கூடக் குடிக்க நேரமில்லாமல் மூட்டை தூக்கும் உடம்புக்கு அது பெரிய அடி. அந்தச் சுருக்கத்தை நெருஞ்சில் சரிசெய்துவிடும் என்று ஜென்டாமைசின் எலியை வைத்து எப்படிச் சொல்ல முடியும்?

மனிதர்களிடம் பார்த்ததே சில சமயம் நிற்பதில்லை. ஸ்கேனுக்குப் போடும் சாய மருந்தால் வரும் சிறுநீரகப் பாதிப்பை அசிடைல்சிஸ்டீன் என்ற மருந்து தடுக்கிறது என்று 2000இல் 83 பேரிடம் பார்த்துச் சொன்னார்கள். பல நாடுகளில் வருடக்கணக்கில் கொடுத்தார்கள். அப்புறம் ஆஞ்சியோ (சாய மருந்து செலுத்தி ரத்தக் குழாயைப் படம் பிடிப்பது) செய்துகொண்ட கிட்டத்தட்ட 5000 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். பலன் இல்லை.

இதைச் சொன்னால் சித்த மருத்துவத்துக்கு எதிரி என்பார்கள். இல்லை. எங்கள் வீட்டிலும் காய்ச்சல் என்றால் நிலவேம்புதான். நம் மூலிகைகளை எலியோடு விட்டுவிடாமல் மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அதுவரை "இதைக் குடித்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம்" என்று வீடியோ போடாதீர்கள். அதை நம்பித்தான் இவர் மாத்திரையை நிறுத்தவில்லை. அதுமட்டுமா, கிட்னி தளர்ந்தபிறகு மூக்கிரட்டைச் சாறு குடிப்பதே ஆபத்து. அதில் பொட்டாசியம் உண்டு. வெளியேற முடியாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சித்தப்பா இப்போது மாத்திரை, கஷாயம் இரண்டையும் நிறுத்திவிட்டார். போன வாரம் கிரியேட்டினின் 2.6. இன்னும் எவ்வளவு இறங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ஐஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து வலை சரிபார்க்கிறார்.