பிள்ளை தூங்குதா மிஸ்ஸி?

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வந்த ஒரு தகப்பன் கேட்ட கேள்வி இது. இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. மலேசியாவின் பினாங்கில் பச்சிளம் குழந்தைகளின் ஐசியூவில் நர்ஸான எனக்கு அன்று நைட் ஷிஃப்ட். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். 25 வாரத்தில் பிறந்த பிள்ளை, மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. "ஆமா தம்பி, தூங்குது" என்றேன். ரிப்போர்ட்டிலும் 'கம்ஃபர்டபல்' என்று எழுதினேன்.

பென்ஷன் வாங்கும் வயதில் அந்த ஒரு வார்த்தைதான் உறுத்துகிறது. பிள்ளை தூங்கியதா, அழத் தெம்பில்லாமல் கிடந்ததா? நான் மானிட்டரைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

தொண்டையில் குழாய் இருக்கும் பிள்ளை அழுதால் சத்தம் வராது. வாய் திறக்கும், முகம் சுருங்கும், அவ்வளவுதான். குறைமாதப் பிள்ளைக்கு வலி நீடித்தால் அதுவும் நின்று, துவண்டு கிடக்கும். அதைத்தான் நாம் அமைதி என்கிறோம். புருவ நடுவில் புடைப்பு, இறுக மூடிய கண், மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோடு, இந்த மூன்றையும் தேடச் சொல்கிறது 1996-இல் வந்த பி.ஐ.பி.பி. என்ற, குறைமாதப் பிள்ளையின் வலிக்கு மதிப்பெண் போடும் அளவுகோல். இதயத்துடிப்பும் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில் உண்டு. நல்ல கருவிதான், ஆனால் ஊசி குத்துவது போல சட்டென்று வரும் வலிக்காக உருவானது. சாகிற பிள்ளைக்கு இதயத்துடிப்பு தானாகவே இறங்கிவிடும். அப்போது ஸ்கோர் குறைந்தால் வலி குறைந்ததாக எப்படி எடுத்துக்கொள்வது? அந்த நேரத்தில் நான் முகத்தையும், மடங்கிய விரலையும், பக்கத்தில் இருக்கும் தாயின் கண்ணையும்தான் நம்புவேன்.

பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியுமா என்பதே 1980கள் வரை பெரிய டாக்டர்களுக்குச் சந்தேகம். போதிய மயக்க மருந்து இல்லாமல் ஆபரேஷன்கூட நடந்திருக்கிறது. 1987-இல் ஆனந்த், ஹிக்கி என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் பலரும் மனம் மாறினார்கள். எங்கள் தோட்டத்துப் பாட்டிகளைக் கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பார்கள்.

மார்ஃபின் என்றதும், "அத குடுத்தா உயிர் போயிருமா மிஸ்ஸி?" என்று குடும்பமே பயப்படும். இளம் டாக்டர்களுக்கும் கை நடுங்கிப் பார்த்திருக்கிறேன். எடைக்குத் தகுந்து மைக்ரோகிராமில் கணக்கிட்டு, பிள்ளையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற மருந்து அது. வலிக்கும் கேட்கும், மூச்சு முட்டுவதற்கும் கேட்கும். உயிரை எடுப்பது நோய்தான். எனக்குக் கோபம் வருவது வேறொன்றில்: கடைசி மூச்சு பார்க்கச் சகிக்கவில்லை என்று தசையை முடக்கும் மருந்து கேட்பது. முகம் அசையாது, உள்ளே வலித்தாலும் யாருக்கும் தெரியாது. நிம்மதி அடைவது சுற்றி நிற்கும் நாம்தான்.

அந்தக் கடைசி மூச்சைப் பற்றி முன்கூட்டியே பேசியாக வேண்டும். வென்டிலேட்டரை எடுத்தபின் சில பிள்ளைகள் நிமிடங்களில் போய்விடும், சில மணிக்கணக்கில் இருக்கும். நீண்ட இடைவெளி விட்டு ஒரு பெரிய மூச்சு இழுக்கும். முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று. சொல்லாமல் விட்டால், "எம்புள்ள மூச்சுக்குத் தவிச்சே செத்துச்சு" என்று தாய் ஆயுசுக்கும் சுமப்பாள். மலாயிலோ ஆங்கிலத்திலோ அவசரமாகச் சொன்னால் போதாது. உட்கார்ந்து, அவளுடைய மொழியில் சொல்ல வேண்டும்.

பிற்பாடு வேறொரு பிள்ளை. ரத்தப் பரிசோதனைகளை நிறுத்தினோம், அலாரத்தை அணைத்தோம், சளிக்கு ஆழமாகக் குழாய் விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நரம்பு கிடைக்கவில்லை என்று மறுபடி குத்தவில்லை, மருந்தைக் கன்னத்தின் உள்ளே விட்டோம். பாட்டி தண்ணீர்மலை முருகன் கோயில் திருநீறு கொண்டுவந்திருந்தார். பிளாஸ்டரை மெல்ல எடுத்து நெற்றியில் இடம் விட்டுக் கொடுத்தேன். தாயின் வெறும் மார்பில் பிள்ளையைப் போட்டோம். பஞ்சில் தாய்ப்பால் நனைத்து அவளே உதட்டில் வைத்தாள்.

அன்றைக்கு ரிப்போர்ட்டில் 'கம்ஃபர்டபல்' என்று எழுதவில்லை. மணி 3.10, புருவம் தளர்ந்தது, வலது கை விரிந்தது என்று எழுதினேன்.