கேட்டால் மட்டும் கிடைக்கும் பற்றுச்சீட்டு

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, கட்டுப்பாட்டு விலையை மீறி விற்கும் தனிநபருக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபாய் வரையும், கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம் என்று வந்தபோது, இனியாவது விலைக்கு ஒரு கடிவாளம் இருக்கும் என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த மகிழ்ச்சி களுவாஞ்சிகுடிப் பக்கத்துச் சில்லறைக் கடையொன்றில் குறைந்துபோனது. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு மொத்த விலை 225, சில்லறை விலை 230 என்று வர்த்தமானி குறித்தது. கடைக்காரருக்கு மிஞ்சுவது கிலோவுக்கு 5 ரூபாய். மூட்டை பிரித்து நிறுக்கும்போது சிந்துவதும், பையும், மின்கட்டணமும் அதற்குள்தான் அடங்க வேண்டும். கடைக்காரர் லாச்சியைத் திறந்து, நான்காக மடித்திருந்த பில்லை விரித்துக் காட்டினார். "இதுல 225 தான் கிடக்கு மகன். லொறிக்காரனுக்குக் கையில குடுத்தது 235." அவர் 240க்கு விற்றால் தண்டம். இருப்பதை இல்லை என்று மறைத்தால் அதுவும் குற்றம். ஆகவே நாட்டரிசி எடுப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். நெல் விளையும் அம்பாறை பக்கத்தில் இருக்க, எங்கள் கடையில் நாட்டரிசி இல்லை.

வாங்குபவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். திகதி, அளவு, விலை குறித்த பற்றுச்சீட்டை வியாபாரி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம்; ஆனால் வாங்குபவர் கேட்டால்தான். கடன் கொப்பியில் பெயர் இருக்கும் ஒருவர், சம்பள நாள் வரை பொறுத்துக்கொள்ளும் முதலாளியிடம் எந்த முகத்தோடு பில் கேட்பார்? நானே நகரத்துக் கடையொன்றில் வாங்கிய ரைஸ் குக்கருக்குப் பில் கேட்கவில்லை (அவசரம் என்று சொல்லிக்கொள்கிறேன், உண்மையில் கூச்சம்). இரண்டாம் வாரமே அது சூடேறாமல் போக, வாங்கியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அதிகார சபைக்கு முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம் என்பது தெரிந்திருந்தும், இணைப்பதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் இருக்கவில்லை.

தண்டத்தை மேலும் கூட்டச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டத்திலிருந்து 'கேட்டால்' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரியான தொகையோடு பற்றுச்சீட்டு கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். அதிகாரிகளின் சுற்றிவளைப்பையும் கடை வாசலில் அல்ல, லொறி மூட்டை இறக்கும் இடத்தில் தொடங்க வேண்டும்.